கரையை வாங்குவோரும் படகை வாங்குவோரும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலக் கடலோரத்தை ஒட்டி மவுண்ட் டெசர்ட் தீவு இருக்கிறது. தெற்கிலிருந்து உள்ளே நீளும் சோம்ஸ் சவுண்ட் என்ற ஒடுங்கிய கடற்கழி அதை ஏறத்தாழ இரண்டாகப் பிளக்கிறது. கிழக்குப் பாதியில் பார் ஹார்பர் நகரமும் அக்காடியா தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைகளும் உள்ளன. கோடையில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே அங்கே அரிது. மேற்குப் பாதியில் சௌத்வெஸ்ட் ஹார்பர், மான்செட், பாஸ் ஹார்பர், பெர்னார்ட் என்று சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள். சௌத்வெஸ்ட் ஹார்பர், ட்ரெமான்ட் என்னும் இரண்டு ஊராட்சிகளுக்குள் இவை அடங்கும். ஆண்டு முழுதும் அங்கே குடியிருப்போர் ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்தை எட்டவில்லை. பயணக் கையேடுகள் இந்த மேற்குப் பாதிக்கு 'அமைதியான பக்கம்' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. மரக்கால்கள் மேல் நிற்கும் ஜெட்டிகள், அடுக்கிவைத்த சிங்கி இறால் கூடுகள், பட்டறை வாசலில் தாங்கலில் ஏற்றி நிறுத்திய படகுகள் ஆகியவற்றைப் பார்க்கும் பயணி, காலம் இங்கே கொஞ்சம் தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பு தவறு என்பதோடு, இந்த ஊர்களுக்குக் கேடானதும்கூட. இங்கே நிலவும் அமைதி ஒரு தொழில் தன் கரையை விடாமல் பற்றியிருப்பதன் பக்கவிளைவு. வெளியூர்ப் பணம் இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை, எப்போதும் பகையும் இல்லை. அது படகை வாங்க வந்தபோது ஊர் வாழ்ந்தது. கரையை வாங்க வந்தபோது ஊர் சுருங்கியது. இந்த வேறுபாட்டைக் காணாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் காட்சியைக் காப்பாற்றுமே தவிர ஊரைக் காப்பாற்றாது.

'யாரும் கண்டுகொள்ளாத மூலை' என்ற கற்பனையிலிருந்து தொடங்கலாம். நிலக்காட்சி ஓவியர் தாமஸ் கோல் இந்தத் தீவுக்கு வந்தது 1844இல். அவருடைய படங்களைப் பார்த்துப் பின்னால் வந்த கோடைப் பயணிகளை நீராவிக் கப்பல்கள் தொடக்க காலத்தில் இறக்கிவிட்ட துறைகளில் சௌத்வெஸ்ட் ஹார்பரும் ஒன்று. அதாவது, இன்று அமைதி என்று விற்கப்படும் பக்கத்துக்குப் பயணிகள் வரத்தொடங்கி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிறகுதான் பெரும் செல்வர்களின் மாளிகைகள் பார் ஹார்பரிலும் அதையடுத்த கிழக்குத் துறைகளிலும் குவிந்தன. 1916இல் தேசிய நினைவிடமாகவும் 1919இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட நிலம் 1929இல் அக்காடியா என்ற பெயரைப் பெற்றது. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் குதிரை வண்டிகளுக்கென்று சுமார் 45 மைல் சாலைகளைப் போட்டுக்கொடுத்தார். 1947 அக்டோபரில் பரவிய பெருந்தீ கிழக்குப் பக்கத்தில் 17,000 ஏக்கருக்கு மேல் எரித்து, 67 கோடை மாளிகைகளையும் சாம்பலாக்கியது. இத்தனைக்கும் நடுவே மேற்கு ஊர்கள் பயணிகளின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கவில்லை. தீவின் பாதிக்குச் சற்றுக் குறைவான நிலம் பூங்காவாகிவிட்ட பின், ஆண்டுக்கு நாற்பது லட்சம் வருகைகளைக் காணும் பூங்காவின் வேலிக்கு வெளியே மிஞ்சியிருக்கும் நிலம் எதுவும் மறைவான நிலமாக இருக்க வழியில்லை.

அமைதி என்று பயணி உணர்வது பெரும்பாலும் அவர் வந்துசேரும் நேரத்தின் விளைவு. விடிவதற்கு முன்பே டீசல் எஞ்சின்கள் உறுமத் தொடங்கும். உப்பிட்ட இரைமீன் பீப்பாய்கள் ஜெட்டியிலிருந்து படகுக்கு இறங்கும். அந்த நாற்றத்தைக் கவிதையாக்க எவராலும் முடியாது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பயணி துறைக்கு வரும்போது ஆண்களும் பெண்களும் கடலில் இருக்கிறார்கள். காலியான துறையைத்தான் அவர் அமைதி என்கிறார். கோடையில் துறைக்குத் துறை நடக்கும் சிங்கி இறால் படகுப் பந்தயங்களில், எஞ்சின் சத்தத்தில் காதை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும் கூட்டத்தை இவர் கண்டால் கையேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்தத் தொழில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போகாமல் சிறு படகுகளிடமே நின்றதற்குக் காரணம் மரபுப் பற்று மட்டும் என்று சொல்வது போதாது. மெய்ன் மாநிலச் சட்டம் அதற்கு முக்கியமான காரணம். சிங்கி இறால் பிடிக்கும் உரிமம் ஆளுக்குத்தான் கொடுக்கப்படும். உரிமம் பெற்றவரே படகில் இருந்தாக வேண்டும். பத்துப் படகு வாங்கிக் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு இதில் இடமில்லை. ஒருவர் போடக்கூடிய கூடுகளுக்கு 800 என்று உச்சவரம்பு. இழுவலையில் சிக்கிய சிங்கி இறாலை மெய்ன் கரையில் இறக்கவே முடியாது; கூட்டில் பிடித்தது மட்டும்தான் செல்லும். முதுகோட்டின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும், ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். சினை சுமக்கும் பெண் இறால் கூட்டில் வந்தால் அதன் வால்துடுப்பில் ஒரு வெட்டு இட்டு விட்டுவிடுவார்கள். பிறகு எப்போது, யார் கூட்டில் அது அகப்பட்டாலும், சினை இல்லாவிட்டாலும்கூட, அந்த வெட்டு அதைக் காப்பாற்றும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் கடலோரத்தை ஏழு மண்டலங்களாகப் பிரித்து, சில முடிவுகளை மீனவர்களே வாக்களித்து எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மவுண்ட் டெசர்ட் இதில் 'பி' மண்டலத்தில் வருகிறது. ஆளுக்கொரு உரிமம், உரிமத்துக்கொரு தலைவர், தலைவருக்கொரு படகு என்னும்போது மாநிலத்தின் கடலோரமெங்கும் ஆயிரக்கணக்கான தனித்தனிப் படகுகள் தேவைப்படுகின்றன. அவற்றைக் கட்டவும் பழுதுபார்க்கவும் குளிர்காலத்தில் கரையேற்றி வைக்கவும் ஊர்தோறும் பட்டறை வேண்டியிருக்கிறது. மீன்வளத் துறையின் விதியொன்று, எழுதியவர்கள் அதை எண்ணினார்களோ இல்லையோ, தச்சுத்தொழிலையும் காத்துக்கொண்டிருக்கிறது.

படகின் வடிவமே இந்த உழைப்புமுறையின் வார்ப்பு. அலையைப் பிளக்க உயர்ந்த அணியம், கூட்டை இழுத்து ஏற்றக் குனிந்தால் நீர் கைக்கெட்டும் தாழ்ந்த பக்கம், பின்னோக்கி நீளும் திறந்த தளம், தனியாளாகவோ ஒரு உடனாளோடோ வேலை செய்வதற்கேற்ற கட்டு. பாய்மரம் போய் மோட்டார் வந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வடிவம் உருப்பெற்றது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்து, மெய்னின் கிழக்கே பீல்ஸ் தீவில் பட்டறை போட்ட வில் ஃபிராஸ்ட் இதில் பெரும்பங்கு ஆற்றியவர். மவுண்ட் டெசர்ட்டில் ரேமண்ட் பங்கர், ரால்ஃப் எல்லிஸ் என்ற இருவர் மான்செட்டில் கூட்டாகப் பட்டறை நடத்தினார்கள். அவர்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகள் கட்டிய மரப்படகுகளை இன்றும் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஏராக்கட்டை வைத்த படகுகளில் மீனவர்களுக்கானவையும் கோடைவாசிகளின் உல்லாசத்துக்கானவையும் கலந்திருந்தன. அடிப்படை வடிவம் ஒன்றே. முன்னதில் இரைப் பீப்பாய் நின்ற இடத்தில் பின்னதில் மெத்தை போட்ட இருக்கை.

வெளியூர்ப் பணம் ஊரைக் கெடுத்துவிடும் என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். 1928இல் மான்செட்டில் தொடங்கிய ஹின்க்லி பட்டறை, தொடக்கத்திலேயே உள்ளூர் மீன்படகுகளையும் கோடைவாசிகளின் உல்லாசப் படகுகளையும் ஒருசேரப் பராமரித்தது. ஃபைபர் கிளாஸ் வந்தபோது அதைச் சந்தேகத்தோடு ஒதுக்கிவைக்காமல் பாய்ப்படகுகளை அதில் வார்த்தது. பெர்முடா 40 என்ற அதன் பாய்ப்படகு உலகெங்கும் பெயர் பெற்றது. 1994இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'பிக்னிக் போட்' சிங்கி இறால் படகின் உடலமைப்பைச் செல்வர்களின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ப மாற்றியது. சௌத்வெஸ்ட் ஹார்பரைச் சேர்ந்த ரால்ஃப் ஸ்டான்லி (1929–2021) மீன்படகுகளைக் கட்டிக்கொண்டே, வழக்கொழிந்துவந்த ஃபிரெண்ட்ஷிப் ஸ்லூப் என்ற பழைய பாய்ப்படகு வகையைப் புதுப்பித்தும் புதிதாகக் கட்டியும் உயிர்ப்பித்தார். அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்கு அளிக்கும் தேசிய மரபுரிமை விருது 1999இல் அவருக்குக் கிடைத்தது. பழைய ஸ்லூப்களைச் செப்பனிட்டு ஓட்டும் ஆசையும் அதற்கான பணமும் பெரும்பாலும் கோடைவாசிகளுடையவை. மீனவருக்குப் படகு ஒரு கருவி. சரியாக உழைத்தால் போதும். மரத்தின் இழையைத் தடவிப் பார்த்துக் காசு கொடுக்க வேறொரு வாடிக்கையாளர் வேண்டும். அந்த வாடிக்கையாளர் இல்லாமற்போயிருந்தால் தச்சரின் கைத்திறனில் ஒரு பகுதி நூலகத்தில்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே பயணிகளின் பணமே தீங்கு என்ற வாதம் இந்தத் தீவின் வரலாற்றோடு பொருந்தவில்லை. படகு வாங்குபவர் தச்சருக்குக் கூலி கொடுக்கிறார். பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டும் பழுதுபார்க்க அவரே அங்கே வருகிறார்.

கரையை வாங்குபவர் செய்வது வேறு. அதைப் புரிந்துகொள்ள மெய்னின் நிலச்சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அலை ஏறி இறங்கும் கரையைப் புறம்போக்காகவே எண்ணிப் பழகிய நமக்கு அது விசித்திரமாகத் தோன்றும். மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாக இருந்தது. 1640களில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் இயற்றிய ஆணை, ஜெட்டி கட்ட மக்களை ஊக்கப்படுத்துவதற்காக, கரைநிலத்துச் சொந்தக்காரரின் உரிமையை வற்றுநீர்க் கோடு வரை நீட்டியது. மீன்பிடிக்கவும் பறவை வேட்டையாடவும் படகு செலுத்தவும் மட்டும் பொதுமக்களுக்கு உரிமை விட்டது. 1989இல் வெல்ஸ் ஊர்க் கடற்கரை வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், அந்த மூன்றைத் தாண்டி உலாவவும் ஓய்வெடுக்கவும் பொது உரிமை கிடையாது என்றது. 2019இல் இன்னொரு வழக்கில், அலையிடைப் பாறையில் முளைக்கும் கடற்பாசியே கரைக்காரருக்குச் சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. வணிகத்தை வளர்க்க ஜெட்டி கட்டுபவருக்குக் கொடுத்த உரிமை, முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து ஜெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புல்வெளி வளர்ப்பவரின் கையில் அதே வலுவோடு இருக்கிறது. காகிதத்தில் மீனவருக்குக் கடலோர உரிமை உண்டு. ஆனால் அலை பத்தடிக்கு மேல் ஏறி இறங்கும் இந்தக் கரையில் மேட்டிலிருந்து நீருக்கு இறங்க வழியும், உயரமான ஜெட்டியும், கூடுகளை அடுக்க நிலமும், லாரி வந்து நிற்கத் தரையும் இல்லாமல் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெய்னின் கடலோரம் வளைவு நெளிவுகளோடு அளந்தால் சுமார் 5,300 மைல். அதில் மீன்தொழிலுக்குப் பயன்படும் கரை மொத்தத்தில் ஏறத்தாழ 20 மைல்தான் மிஞ்சியிருக்கிறது என்று ஐலண்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. மூன்று மீனவர் ஜெட்டிகள் வீடுகளாக மாறினால் ஒரு துறையே முடிந்துபோகும் என்னும் அளவுக்கு மெல்லிய நூலில் இந்தத் தொழில் தொங்குகிறது.

விற்றது மீனவக் குடும்பம்தானே, தன் சொத்தைத் தான் விற்பதை யார் தடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விற்பனையில் வரியின் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொத்து வரி, அந்த நிலத்தைச் சந்தையில் வாங்கத் தயாராக இருப்பவர் தரும் விலையை வைத்துப் போடப்பட்டது. பக்கத்து நிலத்தில் கோடைமாளிகை எழுந்ததும், இரைக்கொட்டகை நிற்கும் நிலத்துக்கும் மாளிகை மனையின் மதிப்பு வந்துவிடும். இறால் பிடித்துக் கட்டமுடியாத வரியை ஜெட்டி சுமக்கும். அழகாக இருக்கிறது என்று பாராட்டப்பட்ட குற்றத்துக்காக ஊர் அபராதம் கட்டியது என்றே சொல்லலாம். 2005இல் மெய்ன் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, மீன்தொழிலுக்குப் பயன்படும் கரைநிலத்தை அதன் நடப்புப் பயன்பாட்டின் மதிப்பில் வரிவிதிக்க வழிசெய்தார்கள். அதே காலத்தில் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், ஜெட்டிக்காரருக்கு அரசு பணம் கொடுத்து, அந்த இடம் இனி மீன்தொழில் தவிர வேறெதற்கும் ஆகாது என்ற நிரந்தர ஒப்பந்தத்தைப் பத்திரத்தில் ஏற்றுகிறது. எவரையும் கட்டாயப்படுத்தாத இந்த ஏற்பாட்டில், விற்கும் உரிமை பறிபோகவில்லை. வீடாக்கும் உரிமை மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, விலைகொடுத்து வாங்கப்பட்டிருக்கிறது. வரிச்சலுகையை விட இதையே நான் உறுதியானதாகக் கருதுகிறேன். சலுகை விற்பனையைத் தள்ளிப்போடும், ஒப்பந்தம் அடுத்த சொந்தக்காரரையும் கட்டும்.

மீனவர் சமூகத்தை இவ்வளவு வெள்ளையாகக் காட்டலாமா என்பது அடுத்த மறுப்பு. மானிடவியலாளர் ஜேம்ஸ் அச்சிசன் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூல், மெய்ன் துறைகளில் எழுதப்படாத எல்லைகளையும் அவற்றைக் காக்கும் 'துறைக் கூட்டங்க'ளையும் விவரிக்கிறது. வேற்றூரான் கூடு போட்டால் முதலில் எச்சரிக்கை, அடுத்து மிதவையின் கயிறு அறுப்பு. இன்றும் புதியவர் உரிமம் பெறப் பயிற்சியாளராக நாட்களைக் கழித்து, அதன்பின் மண்டலத்தின் காத்திருப்புப் பட்டியலில் பல ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கும். அமைதியான பக்கத்தின் அடியில் இப்படி ஒரு முரட்டுத்தனம் உண்டு. அதை மூடிமறைத்து எழுதுவது கையேட்டுக்காரர் வேலை. ஆனால் அச்சிசனின் சான்றுகளே இன்னொன்றையும் காட்டுகின்றன. உள்ளே வருபவரைக் கட்டுப்படுத்தும் கூட்டம்தான் சினை இறாலைக் காக்கும் விதியைத் தானாகவே கடைப்பிடித்தது. இன்று நான் திருப்பிவிடும் இறாலை நாளை யாரோ முகம்தெரியாதவன் பிடித்துப்போவான் என்றால் எவரும் திருப்பிவிட மாட்டார்கள். விலக்கி வைப்பதையும் காப்பதையும் இங்கே முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. அந்த விலக்கலில் சாதிக்கிணையான பிறப்புரிமைச் சாயல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதே மண்டல விதிகளின் வேலை, அதை அவை அரைகுறையாகத்தான் செய்கின்றன.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு கடலிலிருந்தே வருகிறது. மெய்ன் வளைகுடா உலகின் பெரும்பாலான கடற்பரப்புகளைவிட வேகமாகச் சூடேறிவருகிறது. 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு அதை எடுத்துக்காட்டியது. சிங்கி இறால் குளிர்நீரைத் தேடி வடகிழக்காக நகர்கிறது. 2016இல் மெய்ன் துறைகளில் இறங்கியது சுமார் 13.2 கோடி பவுண்டு. 2024இல் அது 8.6 கோடிப் பவுண்டாகக் குறைந்தது. இறாலே போய்விடப்போகும்போது ஜெட்டியைக் காப்பது எதற்கு? இந்தக் கேள்வி, மீனும் ஜெட்டியும் ஒரே ஆயுள் கொண்டவை என்று எடுத்துக்கொள்கிறது. இந்தத் துறைகள் காட் மீனில் வாழ்ந்தன. ஹெர்ரிங் மீனைத் தகரடப்பாவில் அடைத்து வாழ்ந்தன. தீவின் கருங்கல்லை வெட்டிக் கப்பலேற்றியும் சில காலம் வாழ்ந்தன. ஒன்று போய் இன்னொன்று வந்தபோது மாறாமல் நின்றது கரைக்கு இறங்கும் வழி. பாஸ் ஹார்பரில் அண்டர்வுட் நிறுவனம் நடத்திய தகரடப்பா ஆலையின் கட்டடம் இன்று குடியிருப்பாகிவிட்டது. அங்கே இனி எந்த மீனும், எந்தப் புதுத் தொழிலும் கரையேற முடியாது. இறால் குறையலாம் என்பதுதான் ஜெட்டியைக் காக்க வலுவான காரணம். அடுத்து வருவது சிப்பி வளர்ப்போ, கடற்பாசிப் பண்ணையோ, இதுவரை யாரும் எண்ணாத வேறொரு மீனோ, எதுவானாலும் அது இறங்குவதற்கு இடம் வேண்டும்.

படகுகட்ட இன்று கடலோரம் தேவையே இல்லை என்றும் சொல்வதுண்டு. ஃபைபர் உடலை உள்நாட்டுக் கொட்டகையில் வார்த்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாம். ஹின்க்லியின் கட்டுமானமே பாலத்துக்கு அப்பால், பெருநிலத்திலுள்ள டிரெண்டனுக்குப் போய்விட்டது. உண்மைதான். புதுப்படகு எங்கும் பிறக்கலாம். ஆனால் உடைந்த சுழலியோடு இழுத்துவரப்படும் படகை நாற்பது மைல் தள்ளியிருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய் மீன்பருவத்தின் நடுவில் ஒரு வாரத்தை இழக்க எந்த மீனவரும் விரும்பமாட்டார். பழுதுபார்க்கும் பட்டறை துறையை ஒட்டியே இருந்தாக வேண்டும். படகின் அடுத்த மாற்றம் எங்கே உருவாகிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது: போன பருவத்தில் பின்தளத்தில் நீர் ஏறியதைச் சொல்லும் மீனவரும், அதைக் கேட்டு அடுத்த அச்சில் இரண்டங்குலம் உயர்த்தும் தச்சரும் ஒரே துறையில் இருந்ததால்தான் இந்தப் படகு இந்தப் படகானது.

2024 ஜனவரி 10, 13 ஆகிய நாட்களில் அடுத்தடுத்து அடித்த புயல்கள் மெய்ன் கடலோரம் நெடுக ஜெட்டிகளைப் பிய்த்தெறிந்தன. போர்ட்லண்ட் துறையில் கடல்மட்டம் பதிவுகளிலேயே உயர்ந்ததைத் தொட்டது. சேதப்பட்டவற்றில் பெரும்பகுதி தனியார் ஜெட்டிகள். மாநிலச் சட்டமன்றம் நிவாரணத்துக்கு ஒதுக்கிய 6 கோடி டாலரில் 2.5 கோடியை மீன்தொழில் கரைகளுக்கென்றே பிரித்துவைத்தது. தனியார் சொத்தைப் பொதுப்பணத்தில் எழுப்புவதா என்ற முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஒரு ஜெட்டியில் பல படகுகள் மீனை இறக்குகின்றன, இரை ஏற்றுகின்றன, எரிபொருள் நிரப்புகின்றன. பத்திரத்தில் ஒருவர் பெயர் இருந்தாலும் அது நடைமுறையில் ஊர்ச்சொத்து. ஒதுக்கிய பணத்தோடு நிரந்தரப் பயன்பாட்டு ஒப்பந்தத்தையும் கட்டாயமாக இணைத்தால் அந்த முணுமுணுப்புக்கும் பதில் கிடைத்துவிடும்: உயர்த்திக் கட்டிய ஜெட்டி பத்தாண்டில் ஒருவருடைய சூரியோதய மேடையாக மாறாது.

ஆனால் கரைக்கோட்டை மட்டும் காத்தால் போதாது என்பதும் இப்போது தெரியத் தொடங்கிவிட்டது. நான்கு மணிக்குப் படகேறுபவர் எங்கே தூங்குகிறார் என்ற கேள்வி பாக்கி. ஊருக்குள் இருக்கும் சாதாரண வீடுகள் வாரவாடகைக்குப் போகின்றன. பார் ஹார்பர் வாக்காளர்கள் 2021இல், உரிமையாளர் குடியிராத வாரவாடகை வீடுகளுக்கு மொத்த வீடுகளில் 9 சதவீதம் என்று வரம்பு கட்டினார்கள். நெருக்கம் கிழக்கில் கூடக்கூட, மேற்கு ஊர்களின் வீடுகள் மேல் கண் விழுவது இயல்பு. கரையில் ஜெட்டி பத்திரமாக இருந்து, உடனாளும் பட்டறைத் தச்சரும் பாலம் தாண்டி ஒரு மணி நேரம் வண்டியோட்டி வந்தால், துறை வேலையிடமாக இருக்குமே தவிர ஊராக இருக்காது. குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாமற்போவார்கள். தீவில் இயங்கும் ஐலண்ட் ஹவுசிங் டிரஸ்ட், ஆண்டு முழுதும் இங்கேயே வேலை செய்து வாழ்பவர்களுக்கு மட்டும் விற்கவேண்டும் என்ற நிபந்தனையை வீட்டுப் பத்திரத்தில் ஏற்றி, சந்தை விலைக்குக் கீழே வீடுகளைக் கொடுத்துவருகிறது. ஜெட்டிக்குச் செய்யும் அதே வேலைதான்: இடத்தின் மேல் குவியும் உரிமைகளில் ஊரை அழிக்கும் ஒன்றை மட்டும் விலைகொடுத்துக் கழற்றிவிடுவது. ஜெட்டிக்கு அதை மாநில அரசே பணம் போட்டுச் செய்கிறது. வீட்டுக்குப் பெரும்பாலும் நன்கொடையை நம்பி நடக்கிறது. அந்த நன்கொடையில் கணிசமானது கோடைவாசிகளின் பையிலிருந்தே வருகிறது. படகை வாங்கிய அதே பணம் இப்போது தச்சரின் கூரைக்கும் வரத்தொடங்கியிருக்கிறது. விற்பனைக்கு வரும் வீடுகளின் வேகத்தோடு அதனால் இன்னும் போட்டிபோட முடியவில்லை.